தெருவே தாடி வளர்த்த மாதம்

அறுபதுகளின் தொடக்கம். வருஷத்தை அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் ஆனி மாதம், காலை ஏழரை மணி, இடம் ஸ்ரீரங்கத்தில் என் சலூன் என்பதில் சந்தேகமே இல்லை. அப்போது ராஜகோபுரம் முழுசாக எழும்பியிருக்கவில்லை. பாதியில் நின்றுபோன அதை எல்லாரும் மொட்டைக் கோபுரம் என்பார்கள். அங்கிருந்து அம்மா மண்டபம் போகிற சாலையில், கூப்பிடு தூரத்தில் என் கடை. "கோபுரத்துக்கு மொட்டை போட்டது நீங்கதானா?" என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். தங்களுக்கு மட்டும்தான் அது தோன்றியது என்று அவர்களுக்கு நினைப்பு. நானும் முதல் முறை கேட்பது போலச் சிரித்துவைப்பேன்.

எனக்கு அப்போது நாற்பத்து நாலு வயது. கடை சிறியது. ஒரே ஒரு சுழல் நாற்காலி, எதிரெதிரே இரண்டு பெரிய கண்ணாடிகள், காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, அதில் அன்றைய பேப்பர். என் கையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சவரம் செய்துகொள்கிறவர் பாதியிலேயே கண் அசந்துவிட வேண்டும். அசராவிட்டால் அன்றைக்கு என் கையில் ஏதோ கோளாறு என்று நினைத்துக்கொள்வேன். கை வேலை செய்கிறபோது வாயும் சும்மா இருக்காது. ஊர்க் கதை, உலகக் கதை எல்லாம் பேசுவேன். நாலு பேர் மாதிரி பேசியும் காட்டுவேன். அதைக் கேட்பதற்கென்றே சிலர் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருப்பார்கள்.

அன்று நாற்காலியில் இருந்தவர் ஒரு டவுன் பஸ் டிரைவர். ஸ்ரீரங்கத்துக்கும் ஜங்ஷனுக்கும் ஓடுகிற தனியார் பஸ். எட்டு மணி நடைக்கு முன்னால் பஸ்ஸை என் கடைக்கு எதிரே வேப்பமர நிழலில் நிறுத்திவிட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் சவரத்துக்கு வருவார். பயணிகள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, டிரைவருக்கு எந்தக் கன்னம் முடிந்திருக்கிறது என்று ஜன்னல் வழியாகப் பார்த்து நேரம் தெரிந்துகொள்வார்கள்.

வலது கன்னம் முடிந்திருந்தது. அவர் மோவாயை இடது கையால் உயர்த்திப் பிடித்து, தொண்டைக்கு மேல் கத்தியை வைத்திருந்தேன். மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்ட கதை வாயில் ஓடிக்கொண்டிருந்தது. "மேட்டூர்ல..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நின்றுபோனேன். அடுத்த வார்த்தை எனக்குத் தெரியும். உதட்டுக்குத்தான் தெரியவில்லை. "ப்பா... ப்பா..." என்று ஏதோ குழறியது. நான் யாரையோ போலப் பேசிக்காட்டுகிறேன் என்று நினைத்து, சோப்பு நுரைக்குள்ளேயே டிரைவர் களுக்கென்று சிரித்தார். பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். வாழ்நாளில் நான் வாங்கிய சிரிப்புகளில் என்னை நடுங்க வைத்தது அது ஒன்றுதான்.

பிறகு என் வலது கை தானாகத் திறந்துகொண்டது. நான் திறக்கவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுவிட்டன. கத்தி அவர் மடியில் விரித்திருந்த துண்டில் விழுந்தது. கடவுள் புண்ணியம், ஒரு கீறல்கூட இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். எதிரெதிர்க் கண்ணாடி இரண்டிலும் வரிசையாக நான், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, எல்லா முகத்திலும் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. கால் மடங்கி, சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வெற்றிலை பாக்குக் கடைக்காரர் ஓடிவந்தார். ஐம்பத்தைந்து வயது, நல்ல மனுஷர், ஆனால் எதிலும் ஒரு அவசரம். என் கோணல் வாயைப் பார்த்ததும் வலிப்பு என்று முடிவு கட்டிவிட்டார். வலிப்பு என்றால் கையில் இரும்பைக் கொடுக்க வேண்டும் என்பதுதானே அந்தக் காலத்து வைத்தியம். "இரும்பு! இரும்பு குடுங்கய்யா!" என்று கத்திக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தார். கைக்கு எட்டிய இரும்பு, டிரைவரின் மடியில் கிடந்த சவரக் கத்திதான். அதை எடுத்து என் கையில் திணித்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டார்.

"யோவ்! இப்பத்தான் என் கழுத்துலேருந்து எறங்குச்சு, மறுபடியும் அவர் கையிலயே குடுக்கிறியே!" என்று டிரைவர் நாற்காலியிலிருந்து தாவி எழுந்தார். கத்தியைப் பிடுங்கி மேஜையில் எறிந்தார். என் முகத்தருகே குனிந்து பார்த்தார். "இது வலிப்பு இல்ல. எங்க டிப்போ மெக்கானிக்குக்கு இப்படித்தான் வந்துச்சு. தூக்குங்க!"

இரண்டு பேர் தூக்கினார்கள். எங்கே கொண்டு போகிறார்கள் என்று பார்த்தால், பஸ்ஸுக்கு! முன் சீட்டில் இருந்தவர்களை எழுப்பி என்னைச் சாய்த்தார்கள். டிரைவர் தன் இடத்தில் ஏறி, தலையைத் திருப்பி, "ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டி எங்கயும் நிக்காது. எறங்கணும்கிறவங்க இப்பவே எறங்கிக்குங்க" என்றார். ஒருவரும் இறங்கவில்லை. பூக்கூடையோடு தெப்பக்குளம் போகிற ஒரு அம்மாள் கூடையை நகர்த்திவிட்டு, முந்தானையால் எனக்கு விசிற ஆரம்பித்தார்.

அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. மாம்பழச்சாலையில் ஒரு கூட்டம் கையைக் காட்டியது. பாதி முகம் பளபளப்பாக, மறு பாதி வெள்ளை நுரையாக, கழுத்தில் என் கடைத் துண்டோடு ஒரு டிரைவர் ஆரனை அழுத்திப் பிடித்தபடி பறந்ததைப் பார்த்துக் காட்டிய கையை அப்படியே வாயில் வைத்துக்கொண்டார்கள். காவேரிப் பாலத்தில் முன்னால் போன மாட்டு வண்டிக்காரர் வசைபாடத் திரும்பி, அந்த முகத்தைப் பார்த்ததும் வண்டியை ஓரம் கட்டினார். கண்டக்டர் பதற்றத்தில் ஒரு டிக்கெட்டைக் கிழித்து என் சட்டைப் பையில் வைத்துவிட்டார். பழக்க தோஷம்.

பாலத்தின் நடுவில் இருக்கும்போது என் சுட்டு விரல் அசைந்தது. பூக்கார அம்மாள்தான் முதலில் பார்த்தார். "அசையுது! வெரல் அசையுது!" என்று கத்தினார். பஸ்ஸே எழுந்து நின்று என் விரலைப் பார்த்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது வாயும் நேரானது போலத் தோன்றியது. குழறலில்லாமல் என் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான்: "இடது பக்கம் பாக்கி இருக்கு."

டிரைவர் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அதுவரை அவருக்கு அந்த நினைப்பே இல்லை. நுரை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. சிரித்தார். சிரிக்கிறபோதே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெரிய டாக்டர் என் இரண்டு கைகளையும் தூக்கச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார், அவர் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். எல்லாம் சரியாக வந்தது. "மூளைக்குப் போற ரத்தக் குழாய்ல சின்னதா ஒரு கட்டி அடைச்சிருக்கு. அதுவா விலகிடுச்சு. விலகலைன்னா கை போனது போனதுதான். இது பெரிய பக்கவாதத்துக்கு முன்னெச்சரிக்கைன்னு வச்சுக்குங்க" என்றார். ரத்தக் கொதிப்பு ஏகத்துக்கு இருந்ததாம். உப்பு, ஊறுகாய், பீடி மூன்றையும் அந்த நிமிஷமே நிறுத்தினார். மறுபடி வருமா என்று கேட்டேன். "நான் சொன்னபடி இருந்தா வராம இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். வரவே வராதுன்னு எழுதிக் குடுக்க என்னால முடியாது" என்றார். அப்புறம் என்ன தொழில் என்று விசாரித்தார். சொன்னேன். என் வலது கையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "கொஞ்ச நாள் ஓய்வா இருங்க" என்று மட்டும் சொல்லிப் போய்விட்டார்.

மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று முதல் என் மனைவியின் ராஜ்யம். ஊறுகாய் ஜாடி அடுத்த வீட்டுக்குப் போயிற்று. சாப்பாட்டு நேரத்தில் அங்கிருந்து வாசனை மட்டும் வந்துபோகும். டாக்டர் செய்ததை எல்லாம் பார்த்துவைத்திருந்தாள். விடிந்ததும் என்னை ஜன்னல் பக்கம் நிறுத்தி, "என்னங்க, கையத் தூக்குங்க. பல்லக் காட்டுங்க" என்பாள். இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நான் பல்லை இளித்து நிற்பதைத் தெருவில் பால் வாங்கப் போகிறவர்கள் பார்த்துவிட்டு, அவர்களும் பதிலுக்குப் பல்லைக் காட்டுவார்கள்.

பத்து நாள் கழித்துக் கடையைத் திறந்தேன். முதலில் வந்தது டிரைவர்தான். பஸ்ஸை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "முடி மட்டும் வெட்டி விடுங்க மாஸ்டர். சமயபுரத்தாளுக்கு வேண்டுதல், தாடி வளர்க்கிறேன்" என்றார். நான் பிழைத்ததற்கான வேண்டுதலோ என்று எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது. வெட்டினேன். கத்தரிக்கோல் பழையபடி கையில் நின்றது. காதோரமும் பிடரியும் வழக்கமாகக் கத்தியால்தான் ஒதுக்குவேன். அன்று மெஷினாலேயே முடித்துவிட்டேன். பார்வைக்கு அதுவே போதுமென்று தோன்றியது.

அடுத்து வந்தவர் ஜவுளிக் கடைச் சிப்பந்தி. அவருக்கு முகமெல்லாம் சூட்டுக் கொப்புளமாம், கத்தி படக் கூடாதாம். எனக்கு ஒரு கொப்புளமும் தெரியவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் வந்தார். அவர் ஆண்டு விழா நாடகத்தில் முனிவர் வேஷம் கட்டப் போகிறாராம். ஆண்டு விழாவுக்கு இன்னும் ஆறு மாதம் இருந்தது. ஒரு வாரத்துக்குள் எங்கள் தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தாடி. முடி வெட்ட மட்டும் எல்லாரும் வந்தார்கள். சவரம் என்ற வார்த்தையே கடையில் கேட்கவில்லை.

கடைசியில் வெற்றிலை பாக்குக் கடைக்காரரும் நரைத்த தாடியோடு வந்து உட்கார்ந்தார். உங்களுக்கு என்ன வேண்டுதல் என்று கேட்டேன். மனுஷர் அதற்குத் தயாராக வரவில்லை போலிருக்கிறது. விட்டத்தைப் பார்த்தார், நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "வீட்டுல முழுகாம இருக்கா" என்றார். மனைவி பிள்ளை உண்டாகியிருந்தால் புருஷன் பிரசவம் வரைக்கும் கத்தி படாமல் இருப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவருக்குப் பேரன் பள்ளிக்கூடம் போகிறான். இருந்தாலும் கடவுள் சித்தம் யாருக்குத் தெரியும் என்று நினைத்து, இரண்டு கைகளையும் பிடித்து வாழ்த்துச் சொன்னேன். சிரிக்காமல் வாங்கிக்கொண்டார்.

இதை வீட்டில் சொன்னதுதான் நான் செய்த காரியம். அடுத்த செவ்வாய்க்கிழமை, சலூனுக்கு விடுமுறை நாள், என் மனைவி குளித்து முழுகி, புளியோதரை கிளறி, ஒரு தூக்கில் போட்டு எடுத்துக்கொண்டு, மசக்கைக்காரியைப் பார்க்கப் போய்விட்டாள். கால் மணி நேரத்தில் திரும்பினாள். கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள், பேச்சே வரவில்லை. எனக்கு வந்தது இவளுக்கும் வந்துவிட்டதோ என்று நான் பயந்து, "பல்லக் காட்டு, கையத் தூக்கு" என்று அவளைச் சோதிக்க ஆரம்பித்தேன்.

"அட போங்க. அந்த அம்மா கரண்டியோட நிக்கிறாங்க. 'எனக்கு அம்பத்திரண்டு வயசாகுது, எந்தக் கடங்காரன் இதச் சொன்னான்'னு கேட்டாங்க. உங்க வீட்டுக்காரர்தான்னேன். அவரு கொல்லப்பக்கமா ஓடிட்டாரு!" என்றாள். சிரிப்பு அடங்கிய பிறகு இன்னொன்றும் சொன்னாள். அந்த அம்மாளுக்கு வயிற்றில் ஒன்றும் இல்லை, வாத்தியாருக்கு நாடகம் இல்லை, சிப்பந்திக்குக் கொப்புளம் இல்லை. தெருப் பெண்களுக்கு எல்லாம் தெரியுமாம். புருஷன்மார் தாடியால் அவர்களுக்கும் எரிச்சல்தானாம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாம் அப்போதுதான் புரிந்தது, அதாவது புரிந்ததாக நினைத்துக்கொண்டேன். என் கத்திக்குப் பயப்படுகிறார்கள். கழுத்தில் வைத்த கத்தியை நழுவ விட்டவன் கையில் யார் மறுபடி கழுத்தைக் கொடுப்பார்கள்? வேறு கடைக்குப் போனால் என் மனம் புண்படும் என்று பொய் சொல்லித் தாடியோடு திரிகிறார்கள். அவர்கள் பயத்தைக்கூட என்னால் மன்னிக்க முடிந்தது. அந்த இரக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. அன்று முழுக்க ஒரு வாய் சோறு இறங்கவில்லை. உப்பில்லாத சோறு என்பது வேறு விஷயம். இருபத்தைந்து வருஷமாகப் பிடித்த கத்தி. அது இல்லாவிட்டால் நான் யார்? மாலையில் மனைவியிடம் சொல்லிவிட்டேன்: நாற்காலியை விற்றுவிடலாம், உப்பிலியபுரத்தில் உன் தம்பியின் வயலைப் பார்த்துக்கொண்டு கிடக்கலாம். அவள் என் மோவாயை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலையில் கடைக்குப் போய்ப் பாதிக் கதவை மட்டும் திறந்துவைத்துச் சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எதிரே பஸ் வந்து நின்றது. டிரைவர் உள்ளே நுழைந்து பெட்டியைப் பார்த்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. உங்கள் எல்லாருடைய பொய்யும் தெரிந்துவிட்டது, என் கத்திக்குப் பயந்தால் பயம் என்று நேராகச் சொல்ல வேண்டியதுதானே என்று கத்திவிட்டேன். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "மாஸ்டர், நாங்க பயந்தோமா?" என்று கேட்டார். "கடை தெறந்த அன்னிக்கு நான் சவரத்துக்குத்தான் வந்தேன். ஒக்காந்ததும் உங்க கை டிராயருக்குப் போச்சு. கத்தி அங்கதானே இருக்கும்? பாதி தூரம் போயிட்டுத் திரும்பி வந்துடுச்சு. அப்ப உங்க மொகத்தக் கண்ணாடியில பார்த்தேன். அந்த மொகம் எனக்குத் தெரியும்."

எப்படித் தெரியும் என்பதையும் சொன்னார். சில வருஷங்களுக்கு முன் பாலத்தில் ஒரு சைக்கிள்காரர் அவர் பஸ்ஸின் குறுக்கே விழுந்துவிட்டார். மயிரிழையில் பிரேக் பிடித்தது. அடி ஒன்றும் இல்லை. ஆனால் மறுநாள் ஸ்டியரிங்கைத் தொட்டதும் இவருக்கு உடம்பெல்லாம் உதறியது. டிப்போவில் எல்லாரும் கேலி செய்தார்களாம். ஏறு ஏறு என்று தள்ளினார்களாம். தள்ளத் தள்ள அந்தப் பயம் ஒரு வருஷம் போகவில்லையாம்.

"அதான் தெருவுல சொல்லிட்டேன். மாஸ்டரா கத்திய எடுக்கிற வரைக்கும் ஒருத்தரும் சவரம்னு வாயத் தெறக்கக் கூடாது. வேற கடைக்கும் போகக் கூடாது. கேட்டா ஆளுக்கு ஒரு காரணம் சொல்லிக்குங்கன்னேன். அதுல நம்ம வெத்தலைக் கடைக்காரர் புத்தி அப்படிப் போகும்னு நான் கண்டேனா!"

கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. மூன்று வாரத் தாடி. தினமும் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஊராரின் தாடியை எண்ணிக்கொண்டிருந்தவன், என் மோவாயைப் பார்க்கவே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து நான் டிராயரைத் திறக்கவில்லை. ஒவ்வொருவரும் சவரம் வேண்டாம் என்று சொன்னபோது என் உள்ளே ஏதோ ஒன்று அப்பாடா என்று மூச்சு விட்டிருக்கிறது. அதை ஊரார் கண்டிருக்கிறார்கள், என் மனைவி கண்டிருக்கிறாள். நான்தான் பழியைத் தூக்கி அவர்கள் தலையில் போட்டிருக்கிறேன். அப்படி வெட்கப்பட்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

டிராயரைத் திறந்தேன். அன்று மேஜையில் கிடந்த கத்தியை யாரோ துடைத்து எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள். தோல் பட்டையில் நாலு தரம் தீட்டினேன். முதலில் என் முகத்தில் சோதித்துப் பார்க்கிறேன் என்று சொன்னேன். "உங்க கழுத்துல பழகிட்டு வர்ற அளவுக்கு என் கழுத்து அவ்வளவு ஒசத்தியா?" என்று தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார்.

நுரை போட்டேன். கை லேசாக நடுங்கத்தான் செய்தது. கட்டை விரலால் ஒவ்வொரு விரலையும் தொட்டுப் பார்த்தேன், எல்லாம் இருந்தன. வாயைத் திறந்து என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன், நேராக வந்தது. கன்னத்தில் கத்தியை வைத்தேன். முதல் இழுப்புக்குப் பிறகு நடுக்கம் நின்றுவிட்டது. தொண்டைக்கு வந்தபோது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நான் கதை எதுவும் பேசாமல் செய்த சவரம் அது ஒன்றுதான். முடித்துப் படிகாரம் தேய்த்துவிட்டுக் குனிந்து பார்த்தால், மனுஷர் மெல்லக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நிஜத் தூக்கமா, எனக்காகத் தூங்கினாரா என்று நான் அவரைக் கடைசிவரை கேட்கவில்லை.

எட்டு மணி நடை அன்று தாமதம். பஸ்ஸிலிருந்தவர்கள் எல்லாரும் ஜன்னலில் இருந்தார்கள். டிரைவர் பளபளவென்று வெளியே வந்ததும் யாரோ கை தட்டினார்கள். கண்டக்டர் விசிலை ஊதித் தள்ளினார். அந்தச் சத்தத்திலேயே தெருவுக்குச் செய்தி போய்விட்டது. அடுத்த பத்தாவது நிமிஷம் வெற்றிலைக் கடைக்காரரின் மனைவியே அவரைத் தோளைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு, "மொதல்ல இந்தப் பிள்ளத்தாச்சி புருஷனுக்குப் பண்ணி விடுங்க" என்று சொல்லிப் போனார். பெஞ்சு உருண்டுவிடும் போலச் சிரிப்பு.

ஆடிப்பெருக்குக்கு அப்போது மூன்று நாள் இருந்தது. இரண்டு நாள் எனக்கு நிற்க நேரமில்லை. தாடி தாடியாக வந்து உட்கார்ந்தார்கள். வாத்தியார் வந்து தன் நாடகம் ரத்தாகிவிட்டது என்று வருத்தமாகச் சொன்னார். சிப்பந்தி கொப்புளம் ஆறிவிட்டது என்றார். யாரும் உண்மையைச் சொல்லவில்லை, நானும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கடைசியாக என் தாடியை நானே எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். மனைவி மோவாயைத் தடவிப் பார்த்துவிட்டு, அன்று ஒரு நாள் மட்டும் ரசத்தில் ஒரு சிட்டிகை உப்பு அதிகமாகப் போட்டாள். பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறையில் குளித்துவிட்டு ஏறிவந்த எங்கள் தெரு ஆண்களைப் பார்த்தால், எல்லாரும் பத்து வயது குறைந்துபோயிருந்தார்கள்.

டாக்டர் சொன்னபடி இருந்தேன். அது மறுபடி வரவில்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் கத்தியைத் தொடுவதற்கு முன் கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொட்டுப் பார்ப்பேன். புதிதாக வருகிறவர்களிடம், எனக்கு இப்படி ஒன்று வந்தது, சம்மதமென்றால் உட்காருங்கள் என்று சொல்லிவிடுவேன். எழுந்து போனவர்கள் உண்டு, அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. உட்கார்ந்தவர்கள்தான் அதிகம்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என் கத்திக்குக் கழுத்தை நீட்டியிருக்கிறார்கள். ஆனால் என் பயம் போகட்டும் என்று அந்த ஆடி வெயிலில் அரிப்பைப் பொறுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பொய்யோடு என் தெருவே தாடி வளர்த்ததை நினைக்கிறபோதுதான், இந்த உலகத்தில் நான் வேண்டப்பட்டவன் என்று இன்றும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.